கொடிமலையின் 'தி ஹெபிடெட்': உடல் தேற வந்த மலையில் ஒரு காட்டுப் பள்ளி

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன் நகரின் வெப்பத்திலும் காய்ச்சலிலும் நலிந்த ஆங்கிலேயர்கள், குளிர்ந்த காற்றில் உடல் தேறுவதற்காகவே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்குக் கொடிமலையில் பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். அன்று மருந்தாக இருந்த அதே காட்டை இன்று 'தி ஹெபிடெட்' இயற்கைக் கல்வி மையம் பாடமாக்கியிருக்கிறது.

1.6 கிலோமீட்டர் நடைபாதையை அவசரமின்றி நடக்க வேண்டும். வழிகாட்டியுடன் சென்றதால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட இலைக்குரங்கின் வயிறு, இலைகளைச் செரிப்பதற்கென்றே பல அறைகளாக அமைந்திருப்பதையும், அதன் குட்டி ஆரஞ்சு நிறத்தில் பிறந்து பின்னர் சாம்பல் நிறமாவதையும் என் மகள் அங்கேயே கேட்டறிந்தாள். தாய் மடியில் அப்படியொரு குட்டியைக் கண்டபோது அவள் பேச்சே நின்றுவிட்டது; எந்தப் பாடநூலும் அந்த நிமிடத்தைத் தந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

மர உச்சிகளுக்கு இடையே தொங்கும் லங்கூர் பாலமும் சிறப்பானதே. ஆனாலும் என் மனம் நின்றது, 1884இல் தொடங்கப்பட்ட பினாங்குத் தாவரவியல் பூங்காவை வளர்த்தெடுத்த சார்ல்ஸ் கர்ட்டிஸின் பெயர் தாங்கிய வட்டப் பாதையில்தான். கடலும் காடும் ஒருங்கே தெரியும் அவ்விடத்திலிருந்து பார்க்கும்போதுதான், யுனெஸ்கோ 2021இல் இம்மலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றதன் பொருள் விளங்குகிறது.

நுழைவுக் கட்டணம் மலை ரயில் கட்டணத்தில் சேராது. காலை ரயிலில் ஏறினால், திரும்பும் வழியில் மலைமேல் முருகனையும் தரிசித்துவிடலாம்.