காந்தலில் வீடு: பின்சுவரைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

வேலை மாற்றலாகி ஊட்டிக்கு வரும் நண்பர் கேட்டது ஒரே கேள்விதான்: "காந்தல்ல வீடு பார்க்கலாமா?" காந்தல் ஊட்டியிலேயே இருக்கிற ஒரு குடியிருப்புப் பகுதி. குளிரும் உயரமும் அவருக்குத் தெரிந்தவை. அதனால் அவற்றை விட்டுவிட்டு, காந்தலில் நான்கைந்து மழைக்காலம் பார்த்தவர்கள் மட்டுமே பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம்.

அதற்கு முன் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காந்தலின் பெரிய அருமை அதன் சமதளம். ஊட்டியில் பல இடங்களில் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து நாற்பது, ஐம்பது படி ஏற்ற வேண்டும். இங்கே பல தெருக்களில் வண்டி வாசல் வரை வந்துவிடும். காசி விஸ்வநாதர் கோயில், குருசடித் திருத்தலம், பள்ளிவாசல், மைதானம், மளிகைக்கடை, மருந்துக்கடை எல்லாம் நடை தூரம்தான். மேட்டில் இருக்கிற பிங்கர்போஸ்ட் சந்திப்புக்கு ஏறினால் கூடலூர் பஸ்ஸையும் பிடித்துவிடலாம். சீசனில் ஊட்டியின் மையச் சந்திப்பான சேரிங்கிராஸ் திணறும் நாட்களிலும் இங்கே பக்கத்து வீடு பக்கத்து வீடாகவே இருக்கிறது, லாட்ஜ் ஆகிவிடவில்லை. குடும்பம் நடத்த இதைவிட நல்ல அக்கம்பக்கம் ஊட்டியில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் மலையில் சமதளம் என்றால் சுற்றியுள்ள சரிவுக்கெல்லாம் அதுதான் பள்ளம். கனமழையில் காந்தலின் முக்கோணம் என்கிற பகுதியில் தண்ணீர் புகுவது அதனால்தான். குளிர்ந்த காற்றும் தண்ணீரைப் போலத்தான். கனமாகி, தெளிந்த இரவுகளில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். உறைபனிச் செய்திகளில் ஊட்டிக்குப் பக்கத்து ஊரான தலைகுந்தாவோடு காந்தல் பெயரும் சேர்ந்து வருவதற்கு அதுவே காரணம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, அது ஓய்ந்ததும் பனி. சுவர் முழுசாகக் காய்வதற்குக் கிடைப்பது ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான்.

வீட்டைக் காட்டுகிறவர்களும் அந்த மாதங்களில்தான் புதிதாகப் பெயின்ட் அடித்துக் காட்டுவார்கள். பெயின்ட்டை நம்ப வேண்டாம். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை கையை வைத்துத் தடவுங்கள். வெள்ளைப் பொடியாக உப்பு பூத்திருந்தாலோ, பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தாலோ, அடியிலிருந்தோ பின்னாலிருந்தோ நீர் சுவருக்குள் ஏறுகிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவர் பக்கம் நீர் கோத்தால் சுவரே ஊறுகிறது. வெளிப்பக்கம் கோத்தால் அறைக்குள் இருக்கிற ஆவிதான் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. இது தெரியாமல் கொட்டுகிற பணம் கொஞ்சமல்ல.

சுவர் ஊறினால் நேராகப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். காந்தலின் ஓரத்தில் மண்மேட்டை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவரே மேட்டைத் தாங்கிக்கொண்டு நிற்கும். தனியாகத் தடுப்புச் சுவர் இருந்தால் அதில் வடிதுளைகள் இருக்க வேண்டும். மழை பெய்யும்போது அந்தத் துளைகளில் தண்ணீர் ஒழுகினால் நல்லது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, துளை காய்ந்திருந்தால் நிம்மதி அடைகிறார்கள். தொடர் மழையிலும் துளை காய்ந்திருந்தால் பெரும்பாலும் அது அடைபட்டிருக்கிறது, தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்குகிறது.

சரியான வைத்தியம் வாய்க்கால்தான். பின்சுவரை ஒட்டி ஓரடி அகலத்தில், உள்தரை மட்டத்துக்கு அரையடி கீழே போகும்படி வெட்ட வேண்டும், ஆனால் அஸ்திவாரத்தின் அடி மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. எட்டடிக்கு ஒரு இஞ்ச் சாய்வு வேண்டும். துளையிட்ட நாலு இஞ்ச் பைப்பைத் துளை கீழே பார்க்கப் போட்டு, மேலே ஒன்றரை இஞ்ச் ஜல்லி நிரப்ப வேண்டும். பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை, ஆகவே இது மண்வெட்டி வேலை. கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையும் சீகை (வாட்டில்) இலையும் விழுந்து வாய் அடைபடும். மழைக்கு முன் ஒரு தடவை, இரண்டு மழைக்கு நடுவே ஒரு தடவை வாரிவிட வேண்டும்.

இதைச் செய்யாமல் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமெண்ட் பூசித் தருவதாக வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். வெளியே வர வழியில்லாமல் நீர் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும், அடுத்த வருஷம் ஓதக்கோடு நாலரை அடியில் நிற்கும். பிளாஸ்டிக் எமல்ஷனும் அதே தப்புதான். சுண்ணாம்பு அடித்தால் சுவர் மூச்சு விடும்.

தகரக் கூரையில் இன்னொரு ஏமாற்று இருக்கிறது. பனிக்கால விடியலில் சொட்டினால் ஓட்டை என்று ஆளைக் கூப்பிட்டு, போல்ட்டையெல்லாம் முறுக்கி, தார் வாஷரையும் மாற்றுகிறார்கள். மழையே இல்லாத நாளில் சொட்டினால் அது ஓட்டை அல்ல. சில்லிட்ட தகரத்தின் அடியில் ராத்திரி சமையல் ஆவியும் மூச்சும் படிந்து உறைந்து, வெயில் பட்டதும் இறங்குகிறது. தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்து, இரண்டுக்கும் நடுவே காற்று போக இரு பக்கமும் வலை வைத்த திறப்பு விட்டால் நின்றுவிடும். மழையில் சொட்டினால் மட்டும் போல்ட்டைப் பாருங்கள். தகரத்தின் பள்ளத்தில் அடித்த போல்ட் என்றைக்கும் ஒழுகும், மேட்டில்தான் அடிக்க வேண்டும்.

பீரோவும் அலமாரியும் சுவரிலிருந்து நாலு இஞ்ச் தள்ளி நிற்கட்டும். துணியை அறைக்குள் காயப் போட்டுவிட்டுப் பூஞ்சை பிடிக்கிறது என்று சொல்லிப் பயனில்லை. அந்துருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அல்ல. ஈரம் போகட்டும் என்று மூடிய அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வைக்கவே கூடாது. அந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

பனிக்காலக் காலையில் மைதானம் முழுக்க வெள்ளை விரித்து, எட்டு மணி வெயிலில் அது புகையாய் எழும்போது காந்தல் மேல் எந்தக் கோபமும் நிற்காது. ஆனால் நண்பர் கேட்டிருப்பது ஜூலையில். தீப்பெட்டி நமத்து, உப்பு ஜாடியில் தண்ணீர் கட்டி, சட்டைக் காலரில் பச்சையாகப் பூஞ்சை படர்கிற மாதம். இப்போது கேட்டால் என் பதில், வேண்டாம். பிங்கர்போஸ்ட் மேட்டில் படி ஏறுகிற வீடாக இருந்தாலும் பரவாயில்லை, நாலு பக்கமும் காற்று படுகிற வீட்டைப் பாருங்கள். அப்படியும் காந்தல்தான் என்றால் வெயில் நாளில் போகாதீர்கள். குடையை எடுத்துக்கொண்டு, மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு, வீட்டின் பின்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.