தபாலில் துணி மாற்றிக்கொள்ளும் குழு: மூன்று சுற்றுக்குப் பிறகு

சேரலாமா வேண்டாமா என்று இதுவரை மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன். குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை, குறையும் எழுதப் போகிறேன் என்பதால். க்வில்ட், அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப் போர்வை, தைப்பவர்கள் நடத்தும் துணிப் பரிமாற்றம் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், அதனால் நீங்கள் வேறு எதிலாவது சேர்வதாக இருந்தாலும் பயன்படும்.

ஏற்பாடு எளிது. ஒரு சுற்றுக்கு 24 பேர். ஆளுக்கு ஒரே துணியில் 5 அங்குலச் சதுரம் 24 வெட்டி, நடத்துபவருக்கு அனுப்ப வேண்டும். அவர் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கி 24 வகைத் துணியாக நமக்குத் திருப்பி அனுப்புவார், அதில் ஒன்று நம்முடையதே. அரை கஜம் வாங்கினால் கணக்கு கச்சிதமாக முடிந்துவிடும். க்வில்ட் தைக்கும் காட்டன் பெரும்பாலும் 44 அங்குல அகலம், கரையைக் கழித்தால் 42 நிற்கும், அதில் வரிசைக்கு எட்டு, 18 அங்குல நீளத்தில் மூன்று வரிசை. இதே 24 வகையை நாமே கடையில் வாங்கினால் ஒவ்வொன்றிலும் ஒரு சதுரம் வெட்டிக்கொண்டு மிச்சத்தை அலமாரியில் திணித்துக்கொண்டிருப்போம் (என் அலமாரியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை).

சரி, துணி எப்படி? மூன்று சுற்றில் வந்தது 72. ஒவ்வொன்றையும் அளந்தேன், எனக்கு அந்த வியாதி உண்டு. ஒன்பதை ஒதுக்க வேண்டியிருந்தது.

அதில் ஐந்து அளவுக் கோளாறு. அரைக்கால் அங்குலம்தானே என்று வெட்டியவர்களுக்குத் தோன்றியிருக்கும், ஆனால் சுற்றிலும் கால் அங்குலம் விட்டுத் தைக்கும் வேலையில் ஒரே ஒரு சதுரம் அரைக்கால் அங்குலம் குறைந்தாலும் அந்த வரிசையில் மூலைகள் ஒன்றோடொன்று சேராது. ஐந்தில் மூன்று ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டியவை. பல் நுனியிலிருந்து எதிர்ப்பல் நுனி வரை 5 அங்குலம் இருக்க வேண்டும், இவர்கள் அளந்தது எப்படியோ, நுனிக்கு நுனி வைத்துப் பார்த்தால் குறைகிறது. இதில் அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, குழுவின் விதித்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. ஓல்ஃபா நிறுவனம் 1979-ல் ரோட்டரி கட்டரை (துணி மேல் உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) கொண்டுவருவதற்கு முன்னால் எல்லோரும் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டுக் கத்தரியால்தான் வெட்டினார்கள், அப்போதும் மூலைகள் சேர்ந்துகொண்டுதான் இருந்தன. கருவியைக் குற்றம் சொல்ல முடியாது.

இன்னும் மூன்று, காட்டன் என்று எழுதி வந்த பாலியஸ்டர் கலப்பு. தொட்டவுடன் ஒரு வழுக்கல் இருந்தது. சந்தேகம் தீர ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்துப் பார்த்தேன். காட்டன் நூல் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பலாக நிற்கும். இது சுருண்டு, நுனியில் கருப்பாக ஒரு கெட்டி மணி உருண்டது. ஒன்பதாவது ஒரு அடர் சிவப்பு. ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்து இஸ்திரி போட்டேன், வெள்ளை ரோஜா நிறமாகிவிட்டது. போர்வையாகத் தைத்து முதல் முறை துவைத்த பிறகு இது தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. சாயம் போகும் துணியை அனுப்பாதீர்கள் என்று விதித்தாளில் இருக்கிறது, ஆனால் அனுப்பும் முன் துவைக்க வேண்டுமா வேண்டாமா என்று இல்லை, அதனால் பாதிப் பேர் துவைத்தும் பாதிப் பேர் துவைக்காமலும் அனுப்புகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால், துவைத்தபின் ஒன்று மட்டும் சுருங்கி மற்றதை இழுக்கும். வந்த சதுரத்தை நாம் துவைக்கலாம் என்றால் ஓரம் பிரிந்து, அளவும் போய்விடும். எனக்கு இந்தக் குழுவின் மேல் இருக்கும் பெரிய வருத்தம் இதுதான்.

நடத்துபவரிடம் இரண்டாம் சுற்று முடிந்ததும் எழுதினேன். கோபப்படவில்லை. "இனிமேல் அளந்துட்டுத்தான் பிரிப்பேன்" என்றார். அளவுக் கோளாறு ஐந்தும் முதல் இரண்டு சுற்றில் வந்தவை, மூன்றாம் சுற்றில் ஒன்றுகூட இல்லை. துவைக்கும் விஷயத்துக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.

இரண்டாம் சுற்று கொஞ்சம் வித்தியாசம். வெளிர் நிறத் துணியில் நடுவில் அவரவர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். 1840-களில் அமெரிக்காவில் நட்புக் க்வில்ட் என்று ஒரு பெரிய மோகமே இருந்தது, ஊரைவிட்டு மேற்கே குடிபெயர்ந்து போகிறவர்களுக்கு உறவும் நட்பும் ஆளுக்கொரு துண்டில் பெயர் எழுதித் தைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். இரும்பு கலந்த பழைய மையில் எழுதிய சில க்வில்ட்டுகளில் எழுத்து இருந்த இடத்தை மையே அரித்து, பெயரின் வடிவத்தில் ஓட்டை விழுந்திருக்கும். இன்று அந்தக் கவலை இல்லை. ஃப்ரீசர் பேப்பர் என்று ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதம் உண்டு, அதன் பளபளப்புப் பக்கத்தைத் துணிக்குப் பின்னால் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டால் துணி நகராது, அழியாத நிறமி மைப் பேனாவால் எழுதிவிட்டு உரித்துவிடலாம்.

ஆனால் எங்கள் சுற்றில் ஒருவர் எழுதிய பேனா வேறு. வந்த சதுரங்களைச் சுருக்கம் போக இஸ்திரி போட்டுக்கொண்டே வந்தேன், ஒன்றின் மேல் பெட்டியை ஓட்டி எடுத்தால் பெயரைக் காணோம்! வெறும் வெள்ளைத் துணி. துணியில் குறி போட நாம் வைத்திருக்கும், சூட்டில் மறையும் பேனாவால் எழுதிவிட்டார் பாவம். அந்த மை கடுங்குளிரில் திரும்பி வரும் என்பது நினைவுக்கு வந்து, ஒரு கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் பெயர் மங்கலாகத் திரும்பி வந்திருந்தது. அதன் மேலேயே சரியான பேனாவால் ஒற்றி எழுதினேன். அவர் கையெழுத்தை நான் எழுதியது மோசடியா என்று இன்னும் தெரியவில்லை.

அப்புறம் ஜோடி. சேரும்போதே ஒவ்வொருவருக்கும் இன்னொருவரை ஜோடி சேர்த்துவிடுகிறார்கள், பிட்டுத் துணியும் நாலு வரி கடிதமும் தனியாக அனுப்பிக்கொள்ள. எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை, முன்பின் தெரியாதவரோடு என்ன பேசுவது என்றிருந்தது. என் ஜோடி என்னைவிடப் பெரியவர், இரண்டாவது கடிதத்திலேயே அக்கா என்று எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் சுற்றில் அவர் வெட்டி அனுப்பிய துணி கடுகு மஞ்சள், அதில் பச்சை மீன்கள். நானாக இருந்தால் வாழ்நாளில் கையில் எடுத்திருக்க மாட்டேன். ஆனால் என் நீலத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் அதை வைத்துப் பார்த்தபோது மற்றவை எல்லாம் திடீரென்று முழித்துக்கொண்டன. 72-ல் ஒன்பது போக 63, குறுக்கே ஏழு, நெடுக்கே ஒன்பது, தைத்து முடித்தால் 31½-க்கு 40½ அங்குலம், குழந்தைப் போர்வைக்குச் சரியான அளவு. மீன் நடுவில்.

சதுரங்களை எல்லாம் இணைத்துப் போர்வையின் மேல்துணியைத் தைத்து முடித்த வாரம் அக்காவிடமிருந்து கடிதம். "அந்த மீன் துணி உன்கிட்ட அப்படியே இருக்கா? எனக்கு ஒண்ணே ஒண்ணு குறையுதும்மா." தனக்குத் திரும்பி வந்த சதுரத்தையும் தைத்துவிட்டார், கடையிலும் அந்தத் துணி தீர்ந்துவிட்டது. என்னுடையது நான்கு பக்கமும் தையலுக்குள் இருந்தது. இருக்கு அக்கா என்று மட்டும் எழுதிவிட்டுப் பிரிக்க உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மூன்று தையலுக்கு ஒன்று வெட்டிக்கொண்டு போய், மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் முழுதாக உருவிக்கொண்டு வரும், நான்கு பக்கத்துக்கும் அரை மணி நேரம். ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன, நீராவி காட்டியதும் அநேகமாக மூடிக்கொண்டன. என் போர்வையில் விழுந்த காலி இடத்துக்கு, ஒதுக்கி வைத்த ஒன்பதில் அளவு குறைந்த ஒன்றையே தையல் விளிம்பைக் குறைத்துக்கொண்டு பொருத்தினேன். முன்னைப் போல இல்லை, உண்மையைச் சொன்னால்.

பிறகு அவரிடமிருந்து ஒரு கவர் வந்தது. க்வில்ட்டை முடித்து ஓரம் சீவும்போது விழுந்த துண்டு, விரல் அகலம்கூட இல்லை, அதில் ஒரு பச்சை மீனின் வால் மட்டும். என் போர்வையின் பின்பக்கத்தில், பெயர் எழுதும் துணிக்குப் பக்கத்தில் தைத்திருக்கிறேன்.

அதனால் சேரலாமா என்றால், அடுத்தவர் ரசனையைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் சேருங்கள், ஒரே நிறத்தில் ஒழுங்காக வேண்டும் என்றால் வெட்டி அடுக்கிய கட்டாகக் கடையில் வாங்கிக்கொள்வது நல்லது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், துவைக்கும் விதியை எழுதி வைத்தால் மீதி ஒன்றையும் கொடுத்துவிடுவேன். அடுத்த சுற்றுக்கு மஞ்சள் மட்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். என்னிடம் மஞ்சளே கிடையாது, அக்காவிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.