செடிலிக் கடலில் கெலோங் தங்கல்: சாப்பாடும் கவனிப்பும்

இரவு எட்டு மணி அடித்ததும் மேசையில் சோற்றை வைத்து, "வாங்க, ஆறிப்போகுது" என்று கூப்பிடும் சமையலறை கெலோங்குக்கு, அதாவது கடலில் தூண்கள் மேல் நிற்கும் மீன்பிடித் தளத்துக்கு, சரிப்படாது. அந்த எட்டு மணிக்கு நீர் திரும்பிக்கொண்டிருந்தால் ஒருவரும் தூண்டிலை விட்டு எழுந்து வர மாட்டார்கள். வந்தாலும் நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவிடுவார்கள். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு விருந்தோம்பல் என்பது முதலில் நேரக்கணக்குதான். கறி, குழம்பு, மெத்தை, போர்வை எல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே சொல்லப்படுவது ஜோகூரின் கிழக்குக் கரையில், தஞ்சோங் செடிலியிலிருந்து படகில் போகிற நடுத்தர அளவு கெலோங் ஒன்றைப் பற்றி. நிபோங் மரத்தூண்கள் மேல் பலகைத் தளம், சுற்றிலும் நடைபாதை, நடுவில் அறைகள், ஒரு மூலையில் சமையலறை. 20 பேர் வரை தங்கலாம். சிங்கப்பூரில் இருந்த கெலோங்குகள் பெரும்பாலும் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. அதனால் கெலோங்கில் தங்கி மீன்பிடிக்க நினைக்கும் நம்மவர்கள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் இந்த அளவிலுள்ள கெலோங்குகள் ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடுவதில்லை. எனவே இந்தக் குறிப்புகள் மற்றவற்றை அளந்து பார்க்கவும் பயன்படும்.

இந்த இடத்தின் பெரிய சிறப்பு சமையல்காரப் பெண்மணி. எல்லாரும் அவரை மக்சிக் (மலாயில் அத்தை) என்றே கூப்பிடுகிறார்கள். அவர் சமையலறைச் சுவரில் மாட்டியிருப்பது ஓத அட்டவணை, கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல். நீரோட்டம் உச்சத்தில் இருக்கும்போது எவ்வளவு கனமான ஈயம் கட்டினாலும் தரையில் நிற்காது, தூண்டில் கயிறு பக்கத்துக்காரருடையதோடு சிக்கும். அந்த நேரத்தில்தான் அவர் சாப்பாடு போடுகிறார். ஓட்டம் தளர்ந்து நீர் அடங்கும் வேளையை, மலாய்க்காரர்கள் 'ஆயர் மாத்தி' என்கிற அந்த வேளையை, தூண்டிலுக்கு விட்டுவிடுகிறார். அப்போது கையில் எடுத்துத் தின்னக்கூடியது மட்டும் வரும்: பொரித்த மரவள்ளி, வாழைப்பழப் பணியாரம், ஃபிளாஸ்க்கில் தேநீர். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே முதல் நாள் ஏழு மணிக்கு இரவுச் சாப்பாடு என்றால் மறுநாள் எட்டை நெருங்கும். இது தெரியாமல் "நேற்று ஏழுக்குப் போட்டீர்களே" என்று கேட்பவர்கள் உண்டு. அவர் கோபப்படாமல் அட்டவணையைக் காட்டுகிறார்.

பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வேகமாக இருக்கும், நீர் அடங்கும் இடைவெளி குறுகிவிடும். அந்த நாட்களில் சாப்பாட்டு நேரமும் இறுக்கமாகிறது. அமாவாசைப் பக்கம் போனால் விளக்கடியில் கணவாயும் சிறுமீனும் நன்றாகச் சேரும், நிலா வெளிச்சம் அதிகமான இரவுகளில் விளக்கின் ஈர்ப்பு மங்கிவிடும். கணவாய் வறுவலுக்காகவே போகிறவர்கள் நாள்காட்டியில் இதைப் பார்த்து முன்பதிவு செய்யட்டும்.

இனி சாப்பாடு. காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு அல்லது பீஹூன் கோரெங் என்கிற வறுத்த அரிசி நூடுல்ஸ். மதியம் சோறு, ஒரு மீன் குழம்பு, ஒரு காய், முட்டைப் பொரியல், சம்பல். இரவில் பிடித்த மீனைப் பொறுத்து மாறும். நள்ளிரவுக்கு மேல் மேகி, அதில் அன்றைய கணவாய் இரண்டு துண்டு கிடக்கும். ஜோகூர்க்காரர் வைக்கும் அசாம் பெடாஸ் என்கிற புளிப்புக் கார மீன் குழம்பு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது. புளி முன்னால் நிற்கிறது, மிளகாய் பின்னால் வருகிறது, வெண்டைக்காய் குழையவில்லை, டவுன் கெசும் இலையின் வாசம் கடைசிவரை தங்குகிறது. நம் மீன் குழம்புக்குப் பழகிய நாக்குக்கு வெந்தயமும் நல்லெண்ணெயும் இல்லாதது முதல் கவளத்தில் தெரியும். இரண்டாவது கவளத்தில் மறந்துபோகும்.

சொந்த மசாலா கொண்டுபோனால் சமைக்க இடம் தருகிறார், இது எல்லாக் கெலோங்கிலும் கிடைக்கிற சலுகை இல்லை. பத்துப் பேருக்கு ஒரு வேளை மீன் குழம்பு என்றால் சிங்கப்பூர் தேக்காச் சந்தையில் வாங்கிய மீன் மசாலா 150 கிராம், புளி ஓர் ஆரஞ்சுப்பழ அளவு, நல்லெண்ணெய் கால் லிட்டர், சின்ன வெங்காயம் அரைக் கிலோ போதும். கறிவேப்பிலையைக் காகிதத் துவாலையில் சுற்றி டப்பாவில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் மறுநாளே கறுத்துவிடும். பெரிய சிவப்பு மீன் கிடைத்தால் தலையைக் கறிக்கென ஒதுக்கிவிடுங்கள். 1949இல் கேரளத்துக்காரர் கோமஸ் சிங்கப்பூரில் தொடங்கிவைத்தது என்று சொல்லப்படும் மீன்தலைக் கறிக்கு இதைவிடப் புதிய தலை தேக்காவிலேயே கிடைக்காது.

ஆவியில் வேகவைப்பதில்தான் சமையலறை தடுமாறுகிறது. 600 கிராம் கலவா மீன் கொதி உச்சத்தில் இருக்கும்போது உள்ளே போனால் எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் வெந்துவிடும். இங்கே அடுப்பு கடல் பக்கம் திறந்திருக்கிறது. காற்று வீசும்போது தீ சாய்கிறது, ஆவி வலுவிழக்கிறது, மீன் பதினைந்து நிமிடம் கிடந்து வெளிப்புறம் சக்கையாகவும் முள்ளோரம் பச்சையாகவும் வருகிறது. ஒரு தகரத் தடுப்பு வைத்தால் தீரக்கூடிய குறை. இன்னொன்றும் உண்டு: துள்ளத் துள்ளப் பிடித்த மீனை உடனே ஆவியில் வைக்கச் சொல்லாதீர்கள். சதை சுருண்டு ரப்பர் போலாகும். இரத்தம் வடித்து, ஐஸில் சில மணி நேரம் வைத்த மீன்தான் மெத்தென்று வேகும். பிடித்தவுடன் தின்ன ஆசையாக இருந்தால் கணவாயைக் கொடுங்கள். அது அதிகச் சூட்டில் இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைத் தவறவிட்டால் முக்கால் மணி நேரம் குழம்பில் கிடந்தால்தான் மறுபடி மிருதுவாகும்.

யார் மீன் யாருக்கு என்பதில் குழுக்களுக்குள் மனக்கசப்பு வருவது கெலோங்கில் பழைய கதை. இங்கே அதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிற ரஃபியா கயிறு, மீனின் செவுள் வழியாகக் கோத்துக் கட்டி ஐஸ் பெட்டியில் போடுகிறார்கள். சமைக்கக் கொடுத்தாலும் அந்தக் கயிறு தட்டின் ஓரத்தில் வந்துவிடுகிறது. மிக அழகான ஏற்பாடு.

ஆனால் அந்த ஐஸ் பெட்டிதான் இந்த இடத்தின் மோசமான பகுதியும்கூட. மீன், இரை, குளிர்பானம், சில சமயம் காய்கறி, எல்லாம் ஒரே பெட்டி. அதே ஐஸை உடைத்து சிராப் தண்ணீரில் போடுவதைத் தடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் தனி ஐஸ் தருகிறார்கள், கேட்காவிட்டால் தருவதில்லை. குடிப்பதற்கான ஐஸுக்குச் சிறிய பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மீனுக்கு எடைக்கு எடை ஐஸ் வேண்டும், பத்துக் கிலோ மீனுக்குப் பத்துக் கிலோ. கொஞ்சம் கடல்நீர் சேர்த்துக் கூழாக்கினால் மீனைச் சுற்றிலும் ஒட்டி, கட்டி ஐஸைவிட வேகமாகக் குளிர்விக்கும்.

இதில் அலட்சியம் ஆபத்தானது. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றைப் பிடித்து வெயிலில் வாளியில் போட்டுவைத்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். வாசனையில் தெரியாது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. தின்ற ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தடித்து, தலைவலி வரும். சமையல்காரர் மீது பழி போட்டுப் பயனில்லை, தவறு வாளியில் நடந்தது. பேத்தை மீனைப் பொறுத்தவரை இந்தச் சமையலறை கறாராக இருக்கிறது. யார் கெஞ்சினாலும் தொடுவதில்லை, கடலுக்கே திருப்பிவிடுகிறார்கள். அதன் நஞ்சும் சூட்டில் அழியாதது. இருங்கெளுத்தி கிடைத்தால் முதுகு முள்ளையும் பக்க முட்களையும் அவர்களே குறட்டால் ஒடித்துவிட்டுத்தான் கையில் தருகிறார்கள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரியில், கையை அரை மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டும் என்பதும் அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கெட்டிலில் எப்போதும் வெந்நீர் இருப்பது தேநீருக்காக மட்டும் இல்லை.

காலை நாசி லெமாக்கை மதியம் வரை மூடிவைப்பது இன்னொரு தவறு. சிங்கப்பூரில் கேட்டரிங் உணவின் மேல் நான்கு மணி நேரத்துக்குள் உண்ணச் சொல்லி ஒட்டியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். தேங்காய்ப்பால் ஊறிய சோறு கடல் வெக்கையில் அதற்கு முன்பே புளிக்கத் தொடங்கும். விடிகாலை வரை மீன்பிடித்துவிட்டுத் தூங்கி, பதினொரு மணிக்கு எழுந்து அந்தச் சோற்றைத் தின்பவர்கள்தான் திரும்பும் படகில் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிந்தி எழுபவர் பீஹூன் கேட்டுச் சுடச்சுடப் போடச் சொல்லலாம். மறுப்பதில்லை.

சைவம் உண்பவர் குழுவில் இருந்தால் முன்கூட்டியே, தெளிவாகச் சொல்ல வேண்டும். 'சாயூர்' என்று மட்டும் சொன்னால் காய் வரும், அதில் நெத்திலியும் இருக்கும். சம்பலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது, கீரையில் சிப்பிச் சாறு. 'நெத்திலி வேண்டாம், பெலாச்சான் வேண்டாம், சிப்பிச் சாறு வேண்டாம்' என்று மூன்றையும் தனித்தனியாகச் சொன்னால் செய்து தருகிறார்கள், ஆனால் வாணலி ஒன்றுதான். அது ஏற்காதவர்கள் சிறிய வாணலி கொண்டுபோவதே வழி. இரண்டாம் நாள் மாலைக்குள் கீரை வகைகள் தீர்ந்துவிடுகின்றன, பிறகு முட்டைக்கோஸ் மட்டும்தான். சமையல் முழுக்க ஹலால், மதுபானம் சமையலறைக்குள் வருவதில்லை, எனவே நம் முஸ்லிம் நண்பர்கள் தயங்க வேண்டியதில்லை. சீனர்கள் நடத்தும் கெலோங் என்றால் இதைக் கேட்டுக்கொண்டுதான் பதிவு செய்ய வேண்டும்.

அறைகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலகைச் சுவர், தரையில் மெத்தை, மின்விசிறி. ஜெனரேட்டருக்கு எதிர்மூலை அறையைக் கேட்டு வாங்குங்கள், மற்றதில் தூக்கம் வராது. நல்ல தண்ணீர் கரையிலிருந்து வருவதும் மழையில் பிடிப்பதும்தான். குளிக்க ஆளுக்கு இரண்டு வாளி என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள், இரண்டாம் நாள் அதுவும் ஒன்றரை ஆகிறது. தட்டுகளைக் கடல்நீரில் தேய்த்து நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுகிறார்கள். அந்தக் கடைசி அலசல் தண்ணீரை அடிக்கடி மாற்றினால் நன்று. நடைபாதைப் பலகைகளுக்கு இடையில் கைப்பேசி விழும் அளவு இடைவெளி இருக்கிறது. சிறுவர்களுக்கு உயிர்காப்பு அங்கி கேட்டவுடன் கொடுத்தார்கள், அளவும் பொருந்தியது.

விலை பேசும்போது சாப்பாடு எத்தனை வேளை, ஐஸ் சேர்ந்ததா, உயிர் இரை சேர்ந்ததா, படகு இருவழியா என்ற நான்கையும் கேளுங்கள். குழப்பம் பெரும்பாலும் ஐஸிலும் இரையிலும்தான். அப்பொல்லோ எனப்படும், பல சிறு கொக்கிகள் கோத்த தூண்டில் ஒரு கட்டு கொண்டுபோனால் இரை மீனை அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். ரொக்கம் ரிங்கிட்டாக இருக்கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் மீன்பிடிக்கு உதவாது. புரட்டாசியில் நம்மவர்கள் பலர் மீனைத் தொடுவதில்லை. ஆக மார்ச்சிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரைதான் தமிழ்க் குழுக்கள் அங்கே தென்படுகின்றன. பள்ளி விடுமுறை விழும் ஜூன் மாதத்துக்குச் சீக்கிரமே பதிவு செய்துவிட வேண்டும். அந்த மாதங்களில் விடியலுக்கு முன் சுமத்ரா பக்கத்திலிருந்து வரும் திடீர்ப் புயல் காற்று அடித்தால் படகு சில மணி நேரம் தாமதமாகும். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறு மதியப் படகை நம்பாமல் காலைப் படகையே பிடிக்கலாம்.

சிங்கப்பூருக்குள் சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு 5 கிலோ வரை மீன் கொண்டுவரலாம். குடல் நீக்கி, செவுள் எடுத்து, ஆளுக்கொரு பையாகப் பிரித்துக் கட்டித் தரும்படி முந்திய இரவே மக்சிக்கிடம் சொல்லிவிடுங்கள். கடைசி நாள் காலையில் நீர் வற்றியிருந்தால் ஆற்று முகத்துவாரத்தில் படகு தரை தட்டும் என்பதால் புறப்படும் நேரத்தையும் அவர்தான் அட்டவணையைப் பார்த்துச் சொல்கிறார். ஐந்து மணிக்குப் படகு என்றால் நாலரைக்கு வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் ஆளுக்கு ஒன்றாய் மேசையில் இருக்கிறது. உள்ளே பொரித்த மீன், சம்பல், பாதி முட்டை. அதைப் படகில் பிரிக்காமல் கரை சேர்ந்ததும் சாப்பிடுங்கள். நான்கு மணி நேரக் கணக்கு அந்தப் பொட்டலத்துக்கும் பொருந்தும், குடிநுழைவு வரிசையில் நிற்கும்வரை வைத்திருக்க வேண்டாம்.