வானத்தின் பின்னணி ஒளி: ஒவ்வொரு ஃபோட்டானையும் விரட்ட வேண்டுமா?

நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கமிருந்து கேமராவைக் கிழக்கே திருப்பினால் மதுரையின் வெளிச்சம் படத்தின் ஒரு பக்கத்தை வெளுக்க வைத்துவிடும். நிலவில்லாத இருண்ட மலையிலும் வானம் முழுக் கறுப்பில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கே மெல்ல ஒளிர்கிறது. ஆகவே கணினியில் வானப் படம் உருவாக்குகிறவர்கள் இந்த ஒளியையும் சேர்த்தாக வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் வேகமும் துல்லியமும் மோதுகின்றன.

எளிய வழி, பிக்சலுக்குச் சராசரி ஒளியைப் போட்டு, பாய்சான் இரைச்சலை, அதாவது ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) தற்செயலாக வந்து விழுவதால் எண்ணிக்கையில் வரும் ஏற்ற இறக்கத்தை, தூவிவிடுவது. சராசரி 1000 ஃபோட்டான் என்றால் ஏற்ற இறக்கம் சுமார் 32. மடிக்கணினியில் சில நொடி வேலை.

எதிர்முனையில், ஒவ்வொரு ஃபோட்டானையும் கேமரா சென்சாரின் சிலிக்கானுக்குள் பின்தொடரும் வழி. சிலி நாட்டிலுள்ள வேரா ரூபின் வானாய்வகக் கேமராவில் 189 சென்சார் சில்லுகள், ஒவ்வொன்றிலும் சுமார் 1.6 கோடி பிக்சல். பிக்சலுக்கு 1000 ஃபோட்டான் என்றே வைத்தாலும் ஒரு சில்லுக்கு 1600 கோடி! அத்தனை பாடுபட்டால் கிடைப்பது என்ன? தேரோட்டத்தன்று மாசி வீதியில் முன்பே நிற்கும் கூட்டம் பிறகு வருபவர்களைப் பக்கத்துச் சந்துக்குத் தள்ளுவதுபோல, ஃபோட்டான்கள் பட்டு வெளிவந்து பிக்சலில் சேர்ந்த எலக்ட்ரான்கள் அடுத்து வருபவற்றை அண்டைப் பிக்சலுக்குத் தள்ளுகின்றன. அதனால் அண்டைப் பிக்சல்களின் இரைச்சல் ஒன்றோடொன்று தொடர்புடையதாகிவிடுகிறது. இது எளிய வழியில் வரவே வராது.

எனக்குப் பிடித்தது இடைவழி. சென்சாரின் குறைகளால் பிக்சல்களின் பரப்பு கொஞ்சம் கூடும், குறையும். அந்தப் பரப்பை மட்டும் கணக்கிட்டுச் சராசரியைப் பெருக்கி, பிறகு இரைச்சல் சேர்ப்பது. கேல்சிம் என்ற கட்டற்ற மென்பொருளில் இதற்கு வசதி இருக்கிறது. சீரான வெளிச்சத்தில் எடுக்கும் ஃபிளாட் படங்களில் எலக்ட்ரான்கள் நிறையச் சேரும். அங்கே ஒளியைத் தவணை தவணையாகச் சேர்த்து, தவணைக்கு ஒருமுறை பரப்பைப் புதுப்பித்தால் அண்டைப் பிக்சல் இரைச்சலின் அந்தத் தொடர்பும் பெருமளவு வந்துவிடும். விண்மீன் மண்டலங்களின் (கேலக்ஸிகளின்) வடிவத்தை நுட்பமாக அளப்பவர்கள் இதற்குக் கீழே இறங்கக் கூடாது.

மதுரையில் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு எளிய வழியே போதும், ஒரு நிபந்தனையோடு: சராசரியைப் படம் முழுக்க ஒரே எண்ணாக வைக்காதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமி இரவுக்கும் அமாவாசைக்கும் பின்னணி வெவ்வேறு. நகரப் பக்கத்துக்கும் மலைப் பக்கத்துக்கும் வெவ்வேறு. இந்தச் சரிவை விட்டுவிட்டு எலக்ட்ரான்களைத் துரத்துவது வீண். சென்சார் மேல் சந்தேகமிருந்தால், ஒரே வெளிச்சத்தில் எடுத்த இரண்டு ஃபிளாட் படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழியுங்கள். மிஞ்சும் இரைச்சலில் அண்டைப் பிக்சல்கள் சேர்ந்தே ஏறி இறங்கினால், இடைவழிக்கு மாறுங்கள்.