ரீல்ஸா, ஃபைலா? குமரியிலிருந்து ரேஸ் ஓட்டப் போகிறவருக்கு எது கைகொடுக்கும்

தூத்தூர்ப் பக்கம் ஒரு பையன் நன்றாகப் பந்து விளையாடினால் அதை ஊருக்குச் சொல்ல ஆள் வைக்க வேண்டாம். சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நிற்கிறவர்களே சொல்லிவிடுவார்கள். கார் ரேஸ் ஓட்டுகிற குமரி மாவட்டத்துப் பையனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் ஓட்டுகிற டிராக் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. இங்கிருந்து சுமார் 700 கிலோமீட்டர், ரயிலில் ஒரு ராத்திரி. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே கொஞ்சம் கிட்டே, அதுவும் 400 கிலோமீட்டருக்கு மேல். அங்கே அவன் மூன்றாவதாக வந்தாலும் கடைசியாக வந்தாலும் தக்கலை சந்தையில் யாருக்கும் தெரியாது. அவனே சொன்னால்தான் உண்டு.

எப்படிச் சொல்வது என்பதில்தான் சண்டை. நான் நாகர்கோவிலில் ஃப்ளெக்ஸ், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன். இரண்டு வருஷத்துக்கு முன் தக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. வருஷத்தில் சில வார இறுதிகளில் தொடக்கநிலை ஃபார்முலா கார் ரேஸ். "அண்ணே, ஸ்பான்சர் ஃபைல் 20 காப்பி கலர்ல அடிக்கணும்" என்றார். தன்னைப் பற்றிச் சொல்லிக் கடைக்காரர்களிடம் பண உதவி கேட்கிற தாள்கள்தான் அது. கூட வந்த சிநேகிதன் விடவில்லை. "ஃபைலை எவன் படிப்பான்? அந்தக் காசுக்கு ஒரு கேமரா வாங்குடே, ரீல்ஸ் போடு." இரண்டு பேர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. அதற்கப்புறம் நான் கிட்டே இருந்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

ரேஸில் திறமை மட்டும் போதாது என்பதைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது வெறும் கணக்கு. எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்கிற இந்திய மோட்டார் பந்தய அமைப்பின் லைசென்ஸ், என்ட்ரி கட்டணம், டீமுக்குக் கொடுக்கிற கார் வாடகை, டயர், உடைந்த பாகத்துக்குத் தண்டம் என எல்லாமே ஜெயிப்பதற்கு முன்பே வருகிற செலவு. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரானபோது அவர் பின்னால் டாடாவின் ஆதரவு இருந்தது. அவருடைய அப்பா ராலி சாம்பியன், வீட்டிலேயே வழி தெரிந்தவர்கள். அப்படிப்பட்டவருக்கே ஸ்பான்சர் தேவைப்பட்டது என்றால் ஒர்க்‌ஷாப் வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

சரி, ரீல்ஸ். செலவு கம்மி, கையில் இருக்கிற போன் போதும். ரேஸே இல்லாத மாதங்களிலும் பெயரை உயிரோடு வைத்திருக்கலாம். தம்பியும் போட்டார். ஓவர்டேக் பண்ணுகிற வீடியோவுக்குப் பின்னால் தடதடவென்று பாட்டு. பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில், ஆனால் யார் என்று பார்த்தால் பாதிக்குமேல் வடக்கே எங்கேயோ இருக்கிற ஸ்கூல் பையன்கள். மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவருக்கு அவர்களால் என்ன லாபம்?

பிறகு ஒருநாள் ஒர்க்‌ஷாப் தரையில் உட்கார்ந்து, டிராக்கிலிருந்து கொண்டுவந்த ஒரு தேய்ந்த ஸ்லிக் டயரை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். இதில் ஏன் வரிப்பள்ளம் இல்லை, காய்ந்த தரையில் ரப்பர் முழுசாகப் படிந்தால்தான் பிடிப்பு, மழை வந்தால் இதே டயர் வழுக்கிக்கொண்டு போகும், அதனால்தான் மழைக்கு வரி போட்ட டயர் என்று நம்ம ஊர்த் தமிழில் இரண்டு நிமிஷம். விரலால் ஓரத்தில் சுருண்டிருந்த ரப்பரைப் பிய்த்தும் காட்டினார். அந்த வீடியோவுக்குக் கீழே, ரப்பர் தோட்டங்கள் இருக்கிற குலசேகரத்திலிருந்து ஒருவர், "இது எங்க தோட்டத்துப் பாலா தம்பி?" என்று கேட்டிருந்தார். பார்த்தவர்கள் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் பேசியவர்கள் எல்லாம் இந்த மாவட்டத்துக்காரர்கள். கடைக்காரருக்கு வேண்டியது இந்தக் கூட்டம்.

ரீல்ஸில் இரண்டு குழி உண்டு. ஒன்று, டிராக் தூரம் என்று சொல்லி நாலுவழிச் சாலையில் ஓட்டி எடுப்பது. அனுமதியில்லாமல் பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவின்படி முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். அந்த ஒரு வீடியோ போதும், எந்தக் கடைக்காரரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார். இன்னொன்று கேமரா. இஷ்டத்துக்குக் காரில் ஒட்டிவிட முடியாது, பரிசோதனை அதிகாரிகள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஹெல்மெட்டில் ஒட்டுகிற யோசனையை அடியோடு விட்டுவிடலாம்.

இனி ஃபைல். தம்பி முதலில் கொண்டுவந்தது 16 பக்கம். அட்டையில் இணையத்தில் எடுத்த ஃபார்முலா 1 கார் படம், உள்ளே ஆங்கிலத்தில் லட்சியம், தொலைநோக்கு. எனக்கு அச்சுக்கூலி கிடைக்கும், ஆனாலும் மனசு கேட்கவில்லை. இரண்டு தாளாகச் சுருக்கினோம். அவருடைய சொந்தப் படம், எந்த வருஷம் எந்த ரேஸில் எத்தனாவது இடம், இந்த வருஷம் எங்கே எத்தனை ரேஸ், எவ்வளவு பணம் வேண்டும், அதில் எவ்வளவு கையில் இருக்கிறது. பின்பக்கம், கொடுப்பவருக்கு என்ன கிடைக்கும் என்று தமிழில் ஆறு வரி.

மார்த்தாண்டத்து ஜவுளிக்கடை ஒன்றுக்கு நானும் கூடப் போனேன். முதலாளி கல்லாவில் பில் போட்டபடியே தாளைப் புரட்டினார். "அஜித் ஓட்டுறாரே, அதுவா?" என்று கேட்டார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததற்குப் பிறகு எந்தக் கடையிலும் முதல் கேள்வி இதுதான். பேச்சைத் தொடங்க நல்ல சாக்கு. ஆனால் அஜித் பெயரோடு ரேஸுக்குப் போனவர், தம்பி பெயருக்காகப் போகிறவர். அடுத்த கேள்விதான் முக்கியம். "இந்தக் கார் நம்ம ஊருக்கு வருமா?"

வராது. கார் டீமுடையது. காரில் எந்த இடம் யாருக்கு என்பதைக்கூடப் பெரும்பாலும் போட்டி நடத்துகிறவர்களும் டீமும்தான் முடிவு செய்வார்கள். அதனால் டீமிடம் கேட்காமல் "உங்க பேரைக் கார்ல பெரிசா போடுறேன்" என்று கடையில் வாக்குக் கொடுப்பது ஆபத்து. தம்பி யோசிக்காமல் நல்ல பதில் சொன்னார்: "கார் வராது அண்ணாச்சி. நான் வருவேன். ஹெல்மெட், சூட்டோட ஓணத்துக்கு ரெண்டு நாள் கடையில நிக்கேன்." முதலாளி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அந்த முறை கிடைத்தது 10,000 ரூபாயும், சென்னைக்குப் போய்வர ரயில் டிக்கெட்டும்.

ஓணத்துக்கு வந்த பிள்ளைகள் ஹெல்மெட்டை மாட்டிப் படம் எடுத்ததில் அந்தக் கடைக்குக் கிடைத்த விளம்பரம், நான் அடித்துக் கொடுக்கிற எந்த ஃப்ளெக்ஸிலும் கிடைக்காது. என் தொழிலுக்கு எதிராக நானே சொல்கிறேன்.

ரேஸ் சூட்டில் கடைப் பெயர் தைக்கும்போது ஒரு எச்சரிக்கை. அது தீ தாங்குகிற துணி, அடுக்கு அடுக்காக இருக்கும். நேரடியாக எம்பிராய்டரி போட்டால் வெளி அடுக்கில் மட்டும்தான் தையல் போக வேண்டும். பேட்ஜ் வைத்தால் அதன் பின்துணியும் நூலும் தீப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பள்ளி யூனிஃபார்மில் பேட்ஜ் தைக்கிற டெய்லரிடம் கொடுத்தால் எல்லா அடுக்கையும் சேர்த்து அழகாகத் தைத்துத் தந்துவிடுவார். அழகு இருக்கும், சூட்டைப் பரிசோதனையில் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

ஆக, என் ஓட்டு ஃபைலுக்குத்தான், அதுவும் முதல் இரண்டு வருஷத்துக்கு. ரீல்ஸ் வேண்டாம் என்று அர்த்தமில்லை. நாம் கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே முதலாளியின் மகன் போனில் பெயரைத் தேடிப் பார்ப்பான். அப்போது அங்கே ஏதாவது இருக்க வேண்டும். ஃபைல் கதவைத் திறக்கும், ரீல்ஸ் சாட்சி சொல்லும். சாட்சியை மட்டும் வைத்துக்கொண்டு பணம் வரும் என்று காத்திருப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

பத்திரிகைச் செய்தி மூன்றாவது வழி. உள்ளூர் நிருபருக்குத் தேவை நல்ல படம் ஒன்று, ஊர்ப் பெயர், யார் மகன், எத்தனாவது இடம். ரேஸ் முடிந்த அன்று ராத்திரியே அனுப்பினால் வரும், வியாழக்கிழமை அனுப்பினால் வராது. வந்த துண்டை அடுத்த ஃபைலில் சேர்க்கலாம். அம்பதைத் தாண்டிய கடைக்காரர்கள் லட்சம் பார்வையைவிட நாலு வரிப் பத்திரிகைச் செய்தியை நம்புகிறார்கள்.

வீட்டில் ஸ்டியரிங் வைத்து விளையாடுகிற சிம் ரேஸிங் வழியாக மேலே போகலாம் என்கிறார்கள். போனவர் உண்டு. பிரிட்டனின் ஜான் மார்டன்பரோ 2011இல் வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கான ஜி.டி. அகாடமி போட்டியில் ஜெயித்து, 2013இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேர ரேஸில் ஓட்டினார். அந்த ஜி.டி. அகாடமியே இப்போது நடப்பதில்லை. கைப்பழக்கத்துக்குச் சிம் நல்லது, அதை நம்பி வேலையை விடக் கூடாது.

"உங்களுக்கு நாங்கள் ஸ்பான்சர் பிடித்துத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்கிறவர்களைப் பற்றி ஒரே வரி. தம்பி கட்டினார். வந்தது ஒரு லோகோவும், பதினாறு பக்க ஆங்கில ஃபைலும். என் கடைக்கு முதல் நாள் கொண்டுவந்தது அதைத்தான்.

பணம் வாங்குவதோடு வேலை முடிவதில்லை, பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் தம்பி ஒரு பக்கக் கடிதம் கொண்டுபோய் நேரில் கொடுப்பார். தோற்றாலும் கொடுப்பார். கடந்த முறை ஏழாவது இடம்; மூன்றாவது சுற்றில் பிரேக்கை லேட்டாகப் பிடித்து இரண்டு இடம் போனது என்று அதையும் எழுதியிருந்தார். அடுத்த வாரம் அந்த ஜவுளிக்கடைக்குப் போனேன். கடிதம் கல்லாவுக்குப் பின்னால், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. முதலாளி என்னைப் பார்த்ததும் அதைக் காட்டினார்.

"அடுத்த தடவை அடிக்கும்போது நம்ம கடை போன் நம்பரைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்க. தம்பி ஏழாவது வந்தது கண்ணுக்குத் தெரியுது, நம்பர் தெரியல."