லீவு முடிவதற்குள் முன்வாசல் தூண்

பழைய வீட்டின் முன்வாசல் கூரையைத் தாங்கும் மரத்தூண் ஆடுகிறது என்று ஊரில் ஆளைக் கூப்பிட்டால், "அடியைச் சுத்தி சிமெண்ட் போட்டு இறுக்கிடலாம் சார்" என்பதுதான் பெரும்பாலும் முதல் பதில். ஒத்துக்கொள்ளாதீர்கள். மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும்; சிமெண்ட் அதைக் காயவிடாது. வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே தூண் மாவாகிக்கொண்டிருக்கும்.

இரண்டு வார லீவு இந்த வேலைக்குப் போதும், சோதனையை முதல் நாளே முடித்துவிட்டால். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை நாலு பக்கமும் திருப்புளியால் அழுத்திக் குத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். இற்ற மரத்தில் முனை சுலபமாக இறங்கும். வெளியே இழுத்தால் நுனியில் ஈரத்தூள் ஒட்டியிருக்கும். பெயிண்ட் தோல் மட்டும் முழுசாக நிற்பதுண்டு, கண்ணை நம்பி விடாதீர்கள். தட்டினால் பொள்ளலாகக் கேட்டால் கரையானையும் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து உத்தரம், அதாவது தூண்களின் தலைமேல் படுத்துக் கூரையைத் தாங்கும் மரம். இரு முனையிலும் அடியில் ஒரே கனக் கட்டை வைத்து நூலை விறைப்பாகக் கட்டுங்கள். நூலுக்கும் உத்தரத்துக்கும் இடைவெளி எங்கே குறைகிறதோ, அங்கே கூரை இறங்கியிருக்கிறது. அந்த இடத்தில் தூண் மரம் நன்றாக இருந்தால் அநேகமாக அஸ்திவாரம்தான் தணிந்திருக்கும். அது கொத்தனார் வேலை. தச்சரைக் கூப்பிட்டால் நாள்தான் வீண். உத்தரமே இற்றிருந்தால் பொறியாளர் பார்க்காமல் யாரும் ஜாக்கி வைக்கக்கூடாது.

அடி மட்டும் போயிருந்தால் முழுத் தூணையும் மாற்றத் தேவையில்லை. இற்ற பகுதிக்கு மேலே, நல்ல மரம் தொடங்குமிடத்தில் அறுத்து, பழைய மரத்தையும் புதுத் துண்டையும் பாதிக் கனத்துக்குச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்டுப் போடலாம். ஒட்டின் நீளம் தூண் கனத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும்: 12 செ.மீ. தூணுக்கு 36 செ.மீ. தண்ணீர் தாங்கும் பசையோடு 12 மி.மீ. துருப்பிடிக்காத போல்ட் இரண்டு. லீவு அவசரத்தில் ஏமாறுவது மரத்தில்தான்: பச்சை மரம் காய்ந்து சுருங்கும், ஒட்டு விடும். ஈரமானியில் 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வாங்குங்கள்.

ஜாக்கி வைக்கும் நாளில் நீங்கள் கூடவே நில்லுங்கள். தூணின் இருபுறமும் ஓரடி தள்ளி முட்டு, அடியில் பாரத்தைப் பரப்ப அகலப் பலகை. ஹைட்ராலிக் ஜாக்கி தன் போக்கில் மெல்ல இறங்கக்கூடியது. தூக்கியவுடன் பாரத்தைத் திருகு முட்டுக்கு (திருகி உயரத்தைச் சரிசெய்யும் முட்டு) மாற்றச் சொல்லுங்கள். தூண் தலையில் ஒரு அட்டை நுழையும் சந்து விழுந்தால் நிறுத்திவிடலாம். வருஷக்கணக்கில் தொங்கிய கூரையை ஒரே மூச்சில் மட்டத்துக்கு ஏற்றினால் ஓடு உடையும், சுவரோரம் விரியும். ஒரு நேரத்தில் ஒரு தூண், அதற்கு மேல் கை வைக்க விடாதீர்கள்.

புதுக் காலைத் தரையில் நேராக ஊன்றாமல், 25 மி.மீ. தூக்கி நிற்கும் கால்வனைஸ்டு காலணியில் (தூண் அடியைத் தாங்கும் இரும்புப் பிடிப்பு) நிறுத்தி, அதைத் தரைக்கு ஆங்கர் போல்ட்டால் கட்ட வேண்டும். தலையிலும் உத்தரத்தோடு இரும்புப் பட்டை போட்டுப் பிணைக்கச் சொல்லுங்கள். புயல் காற்று கூரையை மேல்நோக்கித்தான் பிய்க்கும்.

சில மாதம் கழித்து போல்ட்டை ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும். கிளம்பும்போது வீட்டில் இருப்பவரிடம் ஸ்பானரைக் கொடுத்துவிட்டு வாருங்கள், 12 மி.மீ.க்குப் பெரும்பாலும் 19-ஆம் நம்பர், சிலதுக்கு 18.