‘திசம்பர் 11’: தமிழ் விக்கிப்பீடியாவின் நாள் பக்கத்தை எவ்வளவு நம்பலாம்?

பள்ளிக் காலைக் கூட்டத்தில் வாசிக்கவோ, இதழில் ‘வரலாற்றில் இன்று’ பத்தி எழுதவோ, போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுக்கவோ தேதிவாரியாகத் தமிழில் தேடுபவர்கள் பெரும்பாலும் வந்து சேருவது தமிழ் விக்கிப்பீடியாவின் நாள் பக்கங்களுக்குத்தான். பிப்ரவரி 29 உட்பட 366 நாளுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. காசு இல்லை, விளம்பரம் இல்லை. அதில் பாரதி பிறந்த டிசம்பர் 11-ஐ எடுத்துக்கொள்வோம். தலைப்பில் ‘டி’ இல்லை, ‘தி’ என்பதை நினைவில் வைத்தால் தேடல் சுலபம்.

பக்க அமைப்பு எளிமையானது. ஆண்டின் 345-ஆம் நாள், நெட்டாண்டில் (லீப் ஆண்டில்) 346, மீதி 20 என்று முதல் வரி சொல்லிவிடும். பிறகு நிகழ்வுகள், பிறப்புகள், இறப்புகள், சிறப்பு நாள். எல்லாம் ஆண்டு வரிசையில். இந்த வரிசைதான் பக்கத்தின் பெரிய பலம், ஏனென்றால் தனித்தனி வாழ்க்கை வரலாறுகளில் கண்ணில் படாத அண்டை வீடுகள் இங்கே தெரியும். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த அதே 1882 டிசம்பர் 11 அன்றுதான் பிரெசுலாவில் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் பிறந்தார். நாள் மட்டுமல்ல, ஆண்டும் ஒன்றே. 1969-இல் மயிலாடுதுறையில் விசுவநாதன் ஆனந்த் பிறந்ததும், 2004-இல் சென்னையில் எம். எஸ். சுப்புலட்சுமி மறைந்ததும் இதே நாள். ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் 1946-இல் தொடங்கியதும், பருவநிலை மாற்றத்தைத் தடுப்பதற்கான கியோட்டோ நெறிமுறை 1997-இல் ஏற்கப்பட்டதும் இதே நாளில்தான். இவ்வளவையும் தமிழில் ஒரே இடத்தில் தரும் வேறு சேவையைக் காண்பது அரிது. தமிழகத்தோடு இலங்கை நிகழ்வுகளுக்கும் இந்தப் பக்கங்களில் நல்ல இடம் கிடைப்பது தனிச் சிறப்பு.

குறை எங்கே என்றால், பெரும்பாலான வரிகளுக்கு மேற்கோள் கிடையாது. ஒரு வரியை அப்படியே எடுத்துப் பலகையில் எழுதுவது ஆபத்து. தவறுகள் பெரும்பாலும் தட்டச்சில் வருவதில்லை, ‘நாள்’ என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் வருகின்றன.

அப்பல்லோ 17 நிலவில் இறங்கியது 1972 டிசம்பர் 11, ஒருங்கிணைந்த உலக நேரப்படி 19:54. ஐந்தரை மணி கூட்டினால் இந்தியாவில் 12-ஆம் தேதி பின்னிரவு 1:24. சிதார் மேதை ரவிசங்கர் அமெரிக்காவின் சான் டியேகோவில் 2012 டிசம்பர் 11 மாலை நாலரை மணியளவில் காலமானார். நமக்கு அப்போது 12-ஆம் தேதி விடிந்திருந்தது. அதனால் இரண்டு தேதியும் புழங்குகிறது. சம்பவம் நடந்த ஊரின் தேதியையே கொள்வது முறை.

பிரிட்டன் மன்னர் எட்டாம் எட்வர்டு முடிதுறந்தது இன்னும் சிக்கல். கையெழுத்திட்டது 1936 டிசம்பர் 10. பிரிட்டனில் முடிதுறப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 11. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அது 10, ஐரிய சுதந்திர நாட்டில் (அன்றைய அயர்லாந்தில்) 12. ஒரே மன்னர், மூன்று தேதி. ‘முடிதுறந்தார்’ என்ற ஒற்றைச் சொல் இதைத் தாங்காது. எந்தச் செயலைச் சொல்கிறோம் என்று வரியிலேயே எழுத வேண்டும்.

பாரதியின் மறைவும் இப்படித்தான். செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக அரசு கடைப்பிடிக்கிறது. உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டிய பிறகு என்பதால் மாநகராட்சிப் பதிவில் 1921 செப்டம்பர் 12. பிறப்பிலோ வேறு கணக்கு: சித்திரபானு ஆண்டு கார்த்திகை 27. இப்போது கார்த்திகை 27 டிசம்பர் 12-இலோ 13-இலோ விழுகிறது. தமிழ்த் தேதியை இன்றைய நாட்காட்டியில் தேடி ஆங்கிலத் தேதியைப் பிடிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். பிறந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

ரஷ்யா என்றால் இன்னொரு எச்சரிக்கை. அங்கே 1918 பிப்ரவரியில்தான் பழைய ஜூலியன் நாட்காட்டி போய், இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டி வந்தது. அதற்கு முந்தைய தேதிகளுக்குப் பழையது, புதியது என இரண்டு உண்டு. அக்டோபர் புரட்சி நவம்பர் 7 பக்கத்தில் இருப்பது அதனால்தான். ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சின் பிறந்தது 1918 டிசம்பர் 11, மாற்றத்துக்குப் பிந்தையது என்பதால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

பயன்படுத்தும் முறை: வரியில் உள்ள பெயரைச் சொடுக்கித் தனிக் கட்டுரைக்குப் போங்கள். அங்கே தேதிக்கு அடிக்குறிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆங்கிலக் கட்டுரையைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் முரண்பட்டால் அந்த வரியை விட்டுவிடுங்கள், பட்டியலில் வேறு வரி நிறையக் கிடைக்கும். சிவப்பு இணைப்பு என்றால் தமிழில் கட்டுரை இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள். அங்கே கூடுதல் கவனம் தேவை.

பலர் தொடாத ஒரு வசதியும் இருக்கிறது. கருவிப் பட்டியில் ‘இப்பக்கத்தை இணைத்தவை’ என்பதை அழுத்தினால், டிசம்பர் 11-ஐச் சுட்டும் கட்டுரைகள் எல்லாம் வரும். நாள் பக்கத்தில் ஏறாத எழுத்தாளர்களும் கலைஞர்களும் அங்கே அகப்படுவார்கள். பத்தி எழுதுபவர்களுக்கு அது பெரிய சுரங்கம். அப்படி ஒருவர் கிடைத்தால், ஆண்டு வரிசை பிசகாமல், ஆதாரத்தோடு அந்த நாள் பக்கத்தில் நீங்களே சேர்த்துவிடலாம்.